உடலில் உறையும் ஈஸ்ட்டும் உண்ணும் உணவும்

ஆப்பத்திற்கு அரைத்த மாவில் சிறிது கள்ளை ஊற்றி வைத்தால், பொழுது விடிவதற்குள் மாவு பொங்கி நிற்கும். ரொட்டி சுடுவோர் கோதுமை மாவில் ஈஸ்ட்டைச் சேர்த்துப் பிசைந்தால், மாவு இருமடங்காய் உப்பும். இவ்விரு செயல்களையும் செய்வது கண்ணுக்குப் புலனாகாத ஒருவகை நுண்காளான். சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவையும் சாராயத்தையும் வெளியிடுவது அதன் இயல்பு. அதன் உருவத்தை அறியாத காலத்திலேயே மனிதன் அதனை அடுப்பங்கரையில் வேலை வாங்கக் கற்றுக் கொண்டான்.

இக்காளான் கூட்டத்தைச் சேர்ந்த வேறோர் உயிர் மனிதனின் உடலிலேயே குடியிருக்கிறது. அதற்குக் காண்டிடா என்று பெயர். நலமுடன் வாழும் பலருடைய வாயிலும் குடலிலும், பெண்டிரின் பிறப்புறுப்பிலும் அஃது ஆரவாரமின்றி வாழ்கிறது. காலம் வாய்க்கும்போது அளவுக்கு மீறிப் பெருகி நோயாகிறது. குழந்தையின் நாவில் தயிர்க்கட்டி போல் படியும் வெள்ளை, முதியோரின் பொய்ப்பல்லுக்கு அடியில் தோன்றும் சிவப்பு, பெண்டிருக்கு உண்டாகும் அரிப்பும் வெள்ளைப்படுதலும், எந்நேரமும் நீரில் கை வைத்து வேலை செய்வோருக்கு வரும் நாட்பட்ட நகச்சுற்று ஆகிய பலவற்றுக்கும் இதுவே காரணமாவதுண்டு. பெண்களுள் நூற்றுக்கு 75 பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு.

இத்துணைப் பரவலான நோயை உணவினால் தடுக்க இயலுமா? சர்க்கரையை நிறுத்தினால் போதுமா? ரொட்டியையும் இட்டிலியையும் விலக்க வேண்டுமா? தயிர் காக்குமா? இவ்வினாக்களுக்கு உறுதியான குரலில் விடை சொல்வோர் பலர். அவற்றுள் ஆராய்ச்சி ஒப்புவது எது, ஒப்பாதது எது என்பதைப் பிரித்தறிவது பயனுடையதாகும்.

பெயர் வந்த வரலாறு

வாயில் வெண்புண் படரும் நோயை மருத்துவர்கள் பண்டைக்காலம் முதற்கொண்டே அறிந்திருந்தனர். கிரேக்க நாட்டு இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில், உடல் நலிந்தோருக்கு வரும் வாய்ப்புண்ணைப் பற்றிய குறிப்பு உண்டு. தமிழகத்து மூதாட்டியர் குழந்தைகளுக்கு வரும் இதனை 'அக்கரம்' என்பர். ஆயினும் இதற்கு வேர் ஒரு காளான் என்பது 19ஆம் நூற்றாண்டிலேதான் தெரிய வந்தது. 1839இல் செர்மானிய மருத்துவர் லாங்கன்பெக் ஒரு நோயாளியின் வாய்ப்புண்ணில் காளானைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் சுவீடன் நாட்டுப் பெர்க்கும், பாரிசில் பணியாற்றிய குரூபியும் அதனை மேலும் ஆராய்ந்தனர். 1923இல் கிறிஸ்டீன் பெர்க்ஹௌட் என்னும் டச்சுப் பெண்மணி தம் ஆராய்ச்சி நூலில் காண்டிடா என்னும் பெயரை நிலைநாட்டினார். பண்டை உரோமாபுரியில் பதவி நாடி நின்றோர் அணிந்த வெள்ளாடைக்கு வழங்கிய இலத்தீன் சொல்லே இப்பெயருக்கு அடி. தேர்தல் வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே அடியிற் பிறந்ததுதான். காளானும் வேட்பாளரும் ஒரே சொல்லின் பிள்ளைகளாய் இருப்பது மொழியின் விளையாட்டு.

இந்நோய்க்கு முதன்முதலாக ஏற்ற மருந்தைக் கண்டவர்களும் பெண்களே. எலிசபெத் ஹேசன் நியூயார்க்கு நகரில் இருந்தார்; ரேச்சல் பிரவுன் அதே மாநிலத்து ஆல்பனி நகரில் இருந்தார். மண் மாதிரிகளிலிருந்து எடுத்தவற்றைக் குப்பிகளில் அடைத்து அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பியே ஆராய்ச்சியை நடத்தினர். வர்ஜீனியா மாநிலத்துப் பண்ணை ஒன்றின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் 1950இல் அவர்கள் தேடியதைத் தந்தது. நியூயார்க்கு மாநிலத்தின் பெயரைத் தழுவி அம்மருந்துக்கு நிஸ்டாட்டின் எனப் பெயரிட்டனர். காப்புரிமையால் வந்த 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட பொருளை அவ்விருவரும் தமக்கென வைத்துக் கொள்ளாது அறிவியல் வளர்ச்சிக்கே வழங்கினர்.

குடியிருப்போன் பகைவனாவது எவ்வாறு?

காண்டிடாவைக் காவலில் வைத்திருப்பவை மூன்று. முதலாவது, உடலின் எதிர்ப்பாற்றல். இரண்டாவது, கிழியாத தோலும் சவ்வும். மூன்றாவது, அதனோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடும் நல்ல நுண்ணுயிர்கள். பெண்ணுறுப்பில் வாழும் லாக்டோபாசில்லஸ் என்னும் நுண்ணுயிர், தயிரைப் புளிக்கச் செய்யும் உயிர்களின் உறவு. அது லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அவ்விடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கிறது. தீய நுண்ணுயிர்கள் பல அங்குத் தலையெடுப்பதில்லை.

இக்காவல் தளரும்போது நோய் தோன்றுகிறது. சளிக்கோ புண்ணுக்கோ உட்கொண்ட ஆண்டிபயாடிக் மருந்து தீய நுண்ணுயிர்களோடு நல்லவற்றையும் அழித்து விடும். காளானை அது தீண்டாது. வீட்டுக் காவலர் அனைவரையும் வெளியேற்றியபின் உள்ளே ஒளிந்திருந்தவன் எழுந்து நடமாடுவது போன்ற நிலை இது. கருவுற்ற காலத்தில் பெண்மைச் சுரப்பு மிகுவதால் அவ்விடத்தில் சர்க்கரைச் சத்து மிகுந்து காளானுக்கு வாய்ப்பாகிறது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சுவோர் வாயைக் கொப்பளிக்காமல் விட்டால் நாவில் வெண்புண் வரலாம். 1981ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்காவில் எயிட்ஸ் நோயைப் பற்றி வெளிவந்த முதல் அறிக்கையில் கூறப்பட்ட ஐவருக்கும் காண்டிடா நோய் இருந்தது. நலமாய் இருந்த ஒருவருக்குக் காரணமின்றி வாய்வெண்புண் வந்தால் மருத்துவர் ஆழ்ந்து ஆராய்வது இதனாலேயே.

சர்க்கரையின் பங்கு

ஈஸ்ட்டின் உணவு சர்க்கரை. ஆகவே சர்க்கரை உண்போர் ஈஸ்ட்டை வளர்க்கின்றனர் என்று எண்ணுவது எளிது. 1980களில் அமெரிக்காவில் இவ்வெண்ணம் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. சோர்வு, தலைவலி, மனக்கலக்கம் எனப் பல தொல்லைகளுக்கும் குடலில் பெருகிய ஈஸ்ட்டே காரணம் என்றும், சர்க்கரை, பழம், ரொட்டி, புளித்த உணவு அனைத்தையும் விலக்குவதே மருந்து என்றும் நூல்கள் வெளிவந்தன. வில்லியம் குரூக் என்னும் மருத்துவர் 1983இல் எழுதிய நூல் அவற்றுள் புகழ் பெற்றது. இக்கொள்கையை 1990இல் அமெரிக்க மருத்துவர்கள் சோதித்தனர். தமக்கு இத்தகைய ஈஸ்ட் நோய் இருப்பதாகக் கருதப்பட்ட 42 பெண்களுக்கு நிஸ்டாட்டினையும் வெற்று மருந்தையும் மாற்றி மாற்றி 32 வாரங்கள் கொடுத்துப் பார்த்தனர். பிறப்புறுப்புத் தொல்லை மருந்தால் குறைந்தது. ஆனால் சோர்வு, மனக்கலக்கம் போன்ற பொதுத் தொல்லைகளில் மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. அத்தொல்லைகளை எல்லாம் ஈஸ்ட்டின் தலையில் சுமத்துவது சரியன்று என்பது இதனால் புலனாயிற்று.

உண்ட சர்க்கரையின் வழியை எண்ணிப் பார்த்தாலும் இது விளங்கும். அதன் பெரும்பகுதி சிறுகுடலிலேயே குருதியில் கலந்து விடுகிறது. குருதியில் சர்க்கரை மிகுந்தால், நலமுள்ளோர் உடலில் இன்சுலின் சுரந்து அதனைச் சமன் செய்கிறது. ஆகவே ஒருவேளை இனிப்புண்டதனால் மட்டும் உடலின் பிற இடங்களில் உள்ள காளானுக்கு விருந்து கிடைத்து விடுவதில்லை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நலமுள்ள 28 பேருக்குச் சர்க்கரை மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தனர். அவர்களுடைய குடலில் வாழும் காண்டிடாவின் மீது அவ்வுணவு காட்டிய தாக்கம் சிறிதளவே.

வாயின் நிலை வேறு. அங்குச் சர்க்கரை நேரே காளானைச் சென்றடைகிறது. சர்க்கரை நிறைந்த சூழலில் வளரும் காண்டிடா வாய்ச்சவ்விலும் பொய்ப்பல்லிலும் மிகுதியாய் ஒட்டிக்கொள்கிறது என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. நாள் முழுதும் இனிப்புத் தேநீரை மிடறு மிடறாய்ப் பருகுவதும், இனிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக் கொள்வதும், பொய்ப்பல்லுடன் உறங்குவதும் ஒன்று சேர்ந்தால் வாய்வெண்புண்ணுக்கு வழி திறக்கும்.

நீரிழிவு என்னும் திறவுகோல்

சர்க்கரைக்கும் இந்நோய்க்கும் உள்ள மெய்யான பிணைப்பு நீரிழிவில் இருக்கிறது. நீரிழிவு கட்டுக்கடங்காதபோது குருதியில் மட்டுமன்றி உமிழ்நீரிலும் சர்க்கரை ஏறுகிறது; ஓர் அளவைக் கடந்தால் சிறுநீரிலும் இறங்குகிறது. அதே வேளையில் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் வலிமையும் குன்றுகிறது. காளானுக்கு உணவும் கிடைக்கிறது, காவலும் தளர்கிறது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை நீரிழிவு மாத்திரைகளை உண்போருக்கும் பிறப்புறுப்பில் ஈஸ்ட் நோய் வரும் வாய்ப்பு மிகுதி. அத்தகையோர் மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுவதே முறை.

மலேசியத் தமிழர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, அந்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பங்கினருக்கு நீரிழிவு எனக் கண்டது. இந்தியரிடையே அது 31.4 பங்காய் இருந்தது. இனங்கள் அனைத்திலும் இதுவே மிகுதி. நீரிழிவு உள்ளோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். இந்நிலையில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பும் வெள்ளைப்படுதலும், ஆண்களுக்கு உறுப்பின் முனையில் தோன்றும் சிவப்பும் புண்ணும் மறைந்திருக்கும் நீரிழிவின் முதல் அடையாளமாய் இருக்கக்கூடும். மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவி அரிப்பை ஆற்றிக் கொள்பவர், கதவைத் தட்டிய தூதனைத் திருப்பி அனுப்பியவர் ஆகிறார். ஒருமுறை குருதிச் சோதனை செய்து கொள்வதனால் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் காத்துக்கொள்ள வழி பிறக்கும்.

ரொட்டியும் இட்டிலியும் குற்றவாளிகளா?

ஈஸ்ட் நோய் உள்ளோர் ஈஸ்ட் சேர்ந்த உணவை உண்ணலாகாது என்பது பெயர் ஒற்றுமையால் வந்த மயக்கம். ரொட்டியைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் வேறு, காண்டிடா வேறு. புலியும் பூனையும் ஓரினமாயினும் பூனை வளர்ப்பதனால் வீட்டிற்குள் புலி வந்து விடுவதில்லை. மேலும் ரொட்டி அடுப்பில் வேகும்போதும் இட்டிலி ஆவியில் வேகும்போதும் அவற்றிலுள்ள ஈஸ்ட் இறந்து விடுகிறது. இட்டிலி மாவைப் புளிக்கச் செய்வதில் பெரும்பங்கு லாக்டிக் அமிலத்தைத் தரும் நுண்ணுயிர்களுக்கே உரியது. இட்டிலி, தோசை, தெம்பே முதலிய புளித்த உணவுகளை இந்நோய்க்கு அஞ்சி விலக்க ஆதாரம் ஏதுமில்லை. குருதியில் சர்க்கரை மிகுந்தோர் இட்டிலியை எண்ணி உண்பது நல்லது. அது அரிசியின் மாவுச்சத்தைக் கருதிச் சொல்வதேயன்றி, ஈஸ்ட்டைக் கருதிச் சொல்வதன்று.

பழங்களை அறவே விலக்குவதும் பிழை. கருவுற்ற பெண்ணோ முதியவரோ வளரும் பிள்ளையோ இத்தகைய கடும் பத்தியத்தில் இறங்கினால், இல்லாத பகைவனுக்கு அஞ்சி உள்ள வலிமையை இழக்க நேரிடும்.

தயிரின் பெருமையும் எல்லையும்

தயிரைப் பற்றிய ஆராய்ச்சி சுவையானது. 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடிக்கடி ஈஸ்ட் நோய் வந்த பெண்கள் ஆறு திங்கள் வரை நாள்தோறும் 8 அவுன்சு தயிர் உண்டனர். மற்றோர் ஆறு திங்கள் உண்ணாதிருந்தனர். லாக்டோபாசில்லஸ் அசிடோபிலஸ் என்னும் நுண்ணுயிர் உயிருடன் இருந்த தயிர் அது. தயிர் உண்ணாத காலத்தில் ஆறு திங்களுக்குச் சராசரி 2.54 முறை வந்த நோய், உண்ட காலத்தில் 0.38 முறையாகக் குறைந்தது. ஆயின் தொடங்கிய 33 பேருள் இறுதிவரை நின்றவர் 13 பேரே. தயிர்க் காலத்தை முதலில் முடித்த எண்மர், அதனை நிறுத்தும் கட்டத்திற்குச் செல்ல மறுத்து விட்டனர். அவர்களுடைய நம்பிக்கை தயிருக்கு நற்சான்று, ஆராய்ச்சிக்கு இடையூறு.

2004இல் ஆஸ்திரேலியாவில் நடந்த பெரியதோர் ஆய்வு வேறு விடை தந்தது. ஆண்டிபயாடிக் உட்கொண்ட பெண்களுக்கு லாக்டோபாசில்லஸைக் கொடுத்து, ஈஸ்ட் நோய் வராமல் தடுக்குமா என்று பார்த்தனர். முடிவு தெரிந்த 235 பேருள் 55 பேருக்கு நோய் வந்தது. லாக்டோபாசில்லஸ் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் பயன் தரத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வாயைப் பொறுத்தவரை நம்பிக்கை சற்று மிகுதி. 2007இல் பின்லாந்தில் 276 முதியோர் 16 வாரங்கள் நாளொன்றுக்கு 50 கிராம் பாலாடைக்கட்டி உண்டனர். நல்ல நுண்ணுயிர் சேர்த்த கட்டியை உண்டோருள் உமிழ்நீரில் ஈஸ்ட் மிகுந்திருந்தவர் தொகை நூற்றுக்கு 30இலிருந்து 21ஆகக் குறைந்தது. மற்றவரிடம் அது 28இலிருந்து 34ஆக ஏறிற்று.

எனவே தயிர் நல்லுணவு. புரதமும் சுண்ணச்சத்தும் தருவது. சர்க்கரை சேர்க்காமல் உண்டால் கேடு எதுவும் செய்யாது. நோய் சிலருக்குக் குறையவும் கூடும். ஆயினும் வீட்டில் உறையும் தயிரில் உள்ள நுண்ணுயிர் ஆராய்ச்சியில் பயன்பட்டதே என்று கொள்ள இயலாது. வந்த நோயைத் தீர்க்கும் மருந்தாகத் தயிரை நம்பி மருத்துவரை விலக்குதல் ஆகாது. கடையில் விற்கும் பழச்சுவைத் தயிரில் சர்க்கரையும் சேர்ந்திருப்பதை வாங்குவோர் மறத்தல் கூடாது.

பூண்டும் தேங்காயும்

பூண்டின் சாறு சோதனைக் குழாயில் காண்டிடாவைத் தடுக்கிறது. ஆயின் 2014இல் மெல்போர்ன் நகரில் நோய்க்குறி இல்லாத 63 பெண்களுக்குப் பூண்டு மாத்திரையையும் வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தபோது, பிறப்புறுப்பில் உள்ள ஈஸ்ட்டின் அளவில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. குழாயில் நிகழ்வது உடலில் நிகழும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இது நல்ல பாடம். பூண்டை அவ்விடத்தில் வைத்துக்கொள்ளும் சிலருடைய வழக்கம் சவ்வை எரித்துப் புண்ணாக்கக் கூடியது.

அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் எலிகளுக்குத் தேங்காயெண்ணெய் கலந்த உணவைக் கொடுத்தபோது, அவற்றின் குடலில் வாழ்ந்த காண்டிடா மிகவும் குறைந்தது. இவ்வாராய்ச்சி எலிகளின் மட்டில் நின்றது. அதனை நம்பித் தேங்காயெண்ணெயைக் குடிக்கத் தொடங்குவோர், குருதிக் கொழுப்பை ஏற்றிக்கொண்டு இதயத்துக்குத் தீங்கு தேடிக் கொள்வர்.

குறைவும் கேடே

உணவைப் பற்றிய பேச்சில் எதை விலக்குவது என்பதே முன்நிற்கிறது. எது போதவில்லை என்பதைப் பலர் நோக்குவதில்லை. இரும்புச்சத்தும், ஃபோலிக் அமிலமும், பி12 ஊட்டச்சத்தும் குறைந்தோருக்கு வாய்ச்சவ்வு மெலிந்து, கடைவாய் வெடித்து, அங்குக் காண்டிடா குடியேறுவதுண்டு. மாதவிலக்கில் குருதி மிகுதியாய் இழக்கும் பெண்டிருக்கும், புலால் உண்ணாதோருக்கும் இக்குறை எளிதில் வருகிறது. கீரை, பயறு, பருப்பு, முட்டை, மீன், ஈரல் ஆகியவை குறையை நிரப்புவன. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை முதலியவற்றின் புளிப்புச் சத்து, கீரையிலுள்ள இரும்பை உடல் ஏற்கத் துணை செய்கிறது. பி12 தாவர உணவில் கிடைப்பது அரிது. புலால் உண்ணாதோர் பால், தயிர், முட்டை இவற்றால் அதனைப் பெறலாம்.

சர்க்கரையின் அளவிலும் கருத்து வேண்டும். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள், அதாவது 12 தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும் என்றும், 25 கிராமாகக் குறைத்தல் இன்னும் நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறிற்று. தே தாரிக்கில் ஊற்றும் இனிப்புக் கட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. நாளுக்கு மூன்று குவளை பருகுவோர் அவ்வளவை உணவுக்கு முன்பே எட்டி விடுதல் கூடும். மலேசியா 2019இல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்ததும், சிங்கப்பூர் 2022இன் இறுதியில் பானங்களுக்குத் தர எழுத்துக் குறியைக் கட்டாயமாக்கியதும் இது கருதியே. இவ்வடக்கம் ஈஸ்ட்டை நேரே கொல்வதன்று. நீரிழிவைத் தடுத்து, அதன் வாயிலாக ஈஸ்ட்டுக்கு இடமில்லாமற் செய்வது.

உணவுக்கு அப்பால்

இப்பருவநிலையில் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுதும் நீங்குவதில்லை. வியர்வையில் நனைந்த இறுக்கமான உடையை உடனே மாற்றுதலும், பருத்தி உள்ளாடை அணிதலும், தோல்மடிப்புகளைத் துடைத்து உலரவைத்தலும் நன்மை தரும். பிறப்புறுப்பின் உட்புறத்தைச் சோப்பாலும் மணநீராலும் கழுவுதல் நல்ல நுண்ணுயிர்களைக் கொல்லும். அவ்விடம் தானே தூய்மை செய்துகொள்ளும் இயல்புடையது. பொய்ப்பல்லை இரவில் கழற்றித் துலக்கி வைத்தல் வேண்டும். சாதாரணச் சளிக்கு ஆண்டிபயாடிக் கேட்டு வாங்காதிருத்தல் வேண்டும். குழந்தையின் அக்கரத்திற்கு வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் பழைய வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். வெங்காரம் பச்சிளங் குழந்தைக்கு நஞ்சு, ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது.

நோயைத் தாமே உறுதி செய்துகொள்வதும் ஆபத்தானது. 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தமக்கு ஈஸ்ட் நோய் என்று கருதி மருந்து வாங்க வந்த 95 பெண்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே அது மெய்யாய் இருந்தது. ஏனையோருக்கு வேறு நோய்; வேறு மருந்து தேவை. ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வருமாயின் மருத்துவர் மாதிரி எடுத்துச் சோதித்து, ஆறு திங்கள் வரையேனும் தொடர்ந்து மருந்து கொடுப்பதுண்டு. கருவுற்றோர் மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையும் உண்ணலாகாது.

நாணம் நோயைத் தீர்க்காது

இந்நோய் ஒழுக்கக் கேட்டின் அடையாளமன்று. அழுக்கின் அடையாளமும் அன்று. பிறந்த சில நாளைக் குழந்தைக்கும் வருகிறது. தொண்ணூறு வயது மூதாட்டிக்கும் வருகிறது. ஆயினும் தாய் மகளிடமும், மனைவி கணவனிடமும், நோயாளி மருத்துவரிடமும் இதனைச் சொல்லத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தின் இடைவெளியில்தான் பொய்ப்பத்தியங்களும் விலைமிகுந்த பொட்டலங்களும் புகுந்து கொள்கின்றன. நீரிழிவும் கண்டறியப்படாமல் ஆண்டுகள் கழிகின்றன. உடலைப் பற்றிய செய்திகளை நோயின் பெயரோடு, வெட்கமின்றி, அளவோடு எடுத்துச் சொல்லும் வழக்கம் வீட்டிலும் பள்ளியிலும் வேரூன்ற வேண்டும்.

அளவறிந்த உணவு, குறையற்ற சத்து, தூய்மையும் உலர்வும், காலத்தே செய்யும் குருதிச் சோதனை ஆகிய இந்நான்குமே இந்நோய்க்கு எதிரான காவல். தயிர் நல்ல துணை. தனிக் காவலன் அன்று. இட்டிலியும் ரொட்டியும் அச்சமின்றி உண்ணத் தக்கவை. குவளையில் விழும் சர்க்கரையை எண்ணத் தொடங்குவோர், ஈஸ்ட்டை விடப் பெரிய பகைவனாகிய நீரிழிவையும் வாயிலிலேயே நிறுத்தியவர் ஆவர்.